பச்சை பூத்த தூண்

அவரைத் தெருவில் தட்டு மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். சுவர், தரை, அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று எதைப் பார்த்தாலும் ஒரு தட்டு தட்டாமல் நகரமாட்டார். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் உள்ளே கோளாறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் பிழைப்பே ஓடியது. படிப்பு ஏறவில்லை, கல்யாணமும் கூடிவரவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தங்கை.

அவள் வீடு கட்டத் தொடங்கியபோது, வெளியாளை வைத்துக் கட்டலாம் என்றார் அவள் கணவர். தங்கை ஒற்றைக் காலில் நின்றாள்.

"எங்கண்ணன் கட்டாத வீட்டுல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

மாப்பிள்ளை இரும்பு உருக்கும் ஆலையில் வண்டி ஓட்டுபவர். ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். சிமென்ட் பாதிதான், மீதிக்கு ஆலைக் கசடை அரைத்த பொடி.

"சிமென்ட்டுக்காக மலையை உடைச்சு எரிச்சுப் புகையா விடுறாங்க, மச்சான். இது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்சது. எங்க ஆலையில சும்மா குவிஞ்சு கிடக்கு."

"குப்பையில வீடு கட்டச் சொல்றீங்க" என்றார் மேஸ்திரி. ஆனாலும் தங்கை முகத்துக்காகக் கட்டினார். தூண்களுக்குப் பலகை அடைத்துக் கலவை ஊற்றி, இறுக நேரமெடுக்கும் என்று மாப்பிள்ளை சொன்னதால் வழக்கத்தைவிட அதிக நாள் பலகையோடு விட்டுவைத்தார்.

முதல் தூணின் பலகையைப் பிரித்த காலையில் ஆடிப்போய்விட்டார். தூண் பச்சையாக இருந்தது. பாசியும் இல்லை, சாயமும் இல்லை. மயில்துத்தம் கரைத்து ஊற்றியதுபோல நீலம் கலந்த ஒரு பச்சை. கரணையால் சுரண்டிப் பார்த்தார், உள்ளே இன்னும் பச்சை.

தட்டினார். கணீரென்றது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. கண்ணோ தூண் கெட்டுப்போச்சு என்கிறது, காதோ நன்றாயிருக்கு என்கிறது. எதை நம்பித் தொலைப்பது? இதன் மேல் கூரை ஏறும், கூரைக்குக் கீழே தங்கை படுத்துத் தூங்குவாள். மனிதருக்கு மண்டை குழம்பிவிட்டது. வாழ்நாளெல்லாம் சோறு போட்ட காதை ஒதுக்கிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

தூண் லேசில் விடவில்லை. கை மரத்துப்போனது. அழுகியது என்றால் ஏன் உடைய மாட்டேன் என்கிறது? யோசிக்க யோசிக்கக் குழப்பம் ஏறியது, குழப்பம் ஏற ஏற இன்னும் வேகமாக அடித்தார். பாதித் தூண் சரிந்து கம்பி தெரிந்த நேரத்தில் தங்கை வந்தாள்.

"அண்ணா! என்ன பண்ற?"

"கெட்டுப்போச்சும்மா. பச்சையா இருக்கு, பாரு."

அவள் பார்த்தாள்.

வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை இடிபாட்டைப் பார்த்ததும் அதிர்ந்து நின்றார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். காலையிலிருந்து வெயிலும் காற்றும் பட்ட பக்கத்தில் பச்சை மங்கி, சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தது.

"கசடு போட்டா முதல்ல அப்படித்தான் இருக்கும். காத்து பட்டா தானாப் போயிடும், ஒண்ணும் ஆகாது. நான் சொல்லல?"

சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

"யாரு இடிச்சது?" என்று மேஸ்திரியை நோக்கித் திரும்பினார். "இதுக்குத்தான் வெளியாளை வைக்கலாம்னு..."

"நான்தான் இடிக்கச் சொன்னேன்" என்றாள் தங்கை. "அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. பயத்துல நான்தான் கேக்கல."

மாப்பிள்ளை அவள் மேல் பாய்ந்தார். உனக்கு என்ன தெரியும், உன்னை யார் கேட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி பொரிந்து தள்ளினார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"இல்ல மாப்பிள்ளை..." என்று தொடங்கினார் மேஸ்திரி. தங்கை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரியாவாள். சொல்லாவிட்டால், தான் காப்பாற்ற நினைத்தவள் தனக்காகத் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எது சரி என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார்.