அரணாக்கயிறு

ராசிபுரம் பக்கம் ஓடுகிற 108 வண்டியில் தெய்வநாயகி ஏறி ஆறு வருஷம் ஆகிறது. ஊசி போடுவாள், நாடி பார்ப்பாள், ஓடுகிற வண்டியிலேயே நாலு பிரசவம் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் நர்ஸ் இல்லை, மருத்துவ உதவியாளர். இதை விளக்கிச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், யார் நர்ஸம்மா என்று கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிடுகிறாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பூச்சிமருந்து பட்ட ஆளாக இருந்தால், துணியைக் கழற்றி உடம்பைக் கழுவாமல் வண்டியில் ஏற்ற மாட்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு கேஸில் ஜனங்களின் கூச்சலுக்குப் பயந்து அதை விட்டுவிட்டாள். ஏசி போட்டு மூடிய வண்டிக்குள் அந்த ஆளின் சட்டையிலிருந்து மருந்து வாடை நிறைந்தது. பாதி வழியில் டிரைவர், "ரோடு ரெண்டாத் தெரியுதுங்க" என்றார். அடுத்த நிமிஷம் வண்டி மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. வேறு வண்டி வர நாற்பது நிமிஷம். அந்த ஆள் பிழைக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. கொல்லிமலை அடிவாரத்தில் மக்காச்சோளக் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்த கந்தவேல் என்பவர் மயங்கி விழுந்துவிட்டதாக அழைப்பு வந்தது. வண்டியை ஓட்டியவர் ஜெகதீஸ்வரன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரியில் வடநாடெல்லாம் சுற்றிவிட்டு வந்தவர்.

மோட்டார் ரூம் நிழலில் கந்தவேலைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பு நடுங்குகிறது என்று கம்பளியைப் போர்த்தி, அவருடைய மனைவி சித்ரா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்க் மூடி விரிசல்விட்டுக் கிடந்தது. மூடி ஒழுகி, கந்தவேலின் முதுகிலிருந்து தொடை வரை மருந்து ஊறியிருந்தது. வாயில் நுரை. கண்ணின் பாவை கடுகளவு சுருங்கியிருந்தது. நாடி நாற்பத்தெட்டு.

தெய்வநாயகி கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டாள். "கம்பளிய எடுங்க. மோட்டாரப் போடுங்க, இவரு மேலெல்லாம் கழுவோணும்."

"ஏனுங்க, நடுங்கற மனுசனுக்குத் தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துராதுங்களா?" சித்ராவின் தம்பி ராசு குறுக்கே வந்து நின்றான். "மொதல்ல ஏத்துங்க."

"குளுருக்கு நடுங்கலீங்க. தோலு வழியா மருந்து உள்ள போயிட்டே இருக்குது."

கூட்டத்தில் ஒருவர், "வண்டி அழுக்காயிரும்னு பாக்கறாங்கப்பா" என்றார்.

"அண்ணா, அந்த வாயோட சேத்து இந்தத் தண்ணி ஓஸையும் கொஞ்சம் பிடிச்சீங்கன்னா சீக்கரம் போயிரலாம்" என்று ஜெகதீஸ்வரன் ஓஸை அவர் கையிலேயே திணித்தார்.

தெய்வநாயகி கத்திரியால் சட்டையை வெட்டினாள். லுங்கியை வெட்டினாள். சித்ரா துண்டை மறைப்பாகப் பிடிக்க, உள்ளாடையையும் வெட்டி எடுத்தாள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போனது. சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை கழுவினார்கள். இடுப்பில் கை வைத்தபோது கயிறு ஒன்று தட்டுப்பட்டது. கறுப்பும் சிவப்புமாக விரல் மொத்தத்தில் முறுக்கிய அரணாக்கயிறு. கத்திரி அதன் பக்கம் போனதும் சித்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாங்க."

ஏற்கனவே ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு கயிறுதானே என்று, அதன்மேலேயே சோப்பைத் தேய்த்துவிட்டு ஆளைத் தூக்கச் சொன்னாள்.

வண்டியின் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஏசி போடவில்லை. சித்ரா மட்டும் கூட ஏறினாள். தெய்வநாயகி ஆக்சிஜன் வைத்து, கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் எல்லாம் சொல்லி, அவர் சொன்ன அளவில் அட்ரோபின் ஏற்றினாள். நாடி அறுபது, எழுபத்தாறு, எண்பத்தெட்டு என்று ஏறியது. நெஞ்சில் கேட்ட களகளப்பு அடங்கியது. சித்ரா முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நாமகிரிப்பேட்டை தாண்டியதும் நாடி எழுபது. அடுத்த முறை பார்க்கும்போது அறுபத்திரண்டு. உதட்டோரம் மறுபடியும் நுரை கட்டியது.

"ஏனுங்க மேடம்," முன்னாலிருந்து ஜெகதீஸ்வரன் கேட்டார், "நல்லாத்தான கழுவுனோம்? கண்ணு எரியுதுங்க எனக்கு."

தெய்வநாயகிக்கும் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. "ரோடு எப்படித் தெரியுது?"

"இப்போதைக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

துணி எல்லாம் பையில் கட்டிக் காட்டிலேயே வைத்தாயிற்று. பிறகு எங்கிருந்து இந்த வாடை? குனிந்து தலைமுடியை முகர்ந்தாள். அதில் சோப்பு வாசம்தான். இடுப்புப் பக்கம் வந்ததும் மூக்கைக் குத்தியது. அரணாக்கயிற்றை இரண்டு விரலால் அழுத்தினாள். பால் போல வெள்ளையாகக் கசிந்தது. கயிறு அழுந்தியிருந்த இடம் முழுக்கத் தோல் சிவந்து கன்றியிருந்தது.

தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கத்திரியை எடுத்தாள்.

சித்ரா பாய்ந்து கயிற்றை மூடிக்கொண்டாள். வெறும் கை.

"கைய எடுங்க, உங்களுக்கும் ஏறும்."

"ஏறட்டும். பொணத்துக்குத்தான் இதை அறுப்பாங்க. எங்க மாமனாருக்கு அறுத்தப்ப நான் பக்கத்துலயே நின்னேன். உசுரோட இருக்கற மனுசனுக்கு அறுக்க உடமாட்டேன்."

வாதாடினால் இவள் கேட்கப்போவதில்லை. கையைப் பிடித்து இழுத்தால் இருவருமே கந்தவேலின் மேல் விழுவார்கள். நாடி ஐம்பத்தைந்து. சித்ராவின் கைக்கு வெளியே தெரிந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து ஊதிக் கல்லாகிக் கிடந்தது அது. தெய்வநாயகி கத்திரியை மடியில் வைத்தாள்.

"எங்க ஊட்லயும் கட்டுவாங்கக்கா. பழசு நைஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"புதுசக் கட்டிட்டுப் பழச எடுப்போம்."

"அப்ப புதுசு கட்டிருவோம்."

சித்ரா வண்டிக்குள் சுற்றிப் பார்த்தாள். "இங்க ஏதுங்க கயிறு?"

தெய்வநாயகி கட்டுத்துணிச் சுருளைப் பிரித்து முழம் முழமாக இழுத்து முறுக்கினாள். சித்ராவின் முகம் சுருங்கியது. "வெள்ளையாட்டம் இருக்குதே. அதுவும் பொணத்துக்குத்தான், ஆவாதுங்க."

ஒரு நொடி தெய்வநாயகிக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. கை தானாகப் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்துப் பாட்டிலுக்குப் போனது. மூடியைத் திறந்து முறுக்கின துணிமேல் ஊற்றினாள். அது செங்கல் நிறத்துக்கு மாறியது.

"இது ஆவுமா?"

சித்ரா அதையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

அந்தக் கையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, கையுறை மாட்டிவிட்டு, துணியைக் கொடுத்தாள். பழைய கயிற்றுக்கு நாலு விரல்கடை மேலே, தொப்புளைச் சுற்றி, சித்ராவே கட்டினாள். வண்டி குலுங்கிக் குலுங்கி இரண்டு முறை முடிச்சு நழுவியது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

"இப்ப அறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஈரக்கயிறு கத்திரியிடம் மூன்று வெட்டு கேட்டது. பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள். இடுப்பைச் சோப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பத் துடைத்தாள். டாக்டரை மறுபடியும் அழைத்தாள். தன் தப்பையும் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை, அடுத்த அளவைச் சொன்னார். ஐம்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்போது எண்பது.

உள்ளே ஒரு நர்ஸ், "வயித்துல என்ன காயம்?" என்று கேட்டுக்கொண்டே கத்திரியோடு வந்தாள்.

"காயமில்லீங்க சிஸ்டர், அறுத்துராதீங்க." சித்ராவும் தெய்வநாயகியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டாக்டர் கந்தவேலைப் பார்த்து முடித்ததும் தெய்வநாயகியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாவை சுருங்கியிருந்தது. இன்றைக்கு இனி வண்டி ஏறக்கூடாது, குளித்துவிட்டுக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார். ஜெகதீஸ்வரனுக்கும் அதே உத்தரவு. மாற்று ஆட்கள் வந்து வண்டியைக் கழுவி எடுத்துப் போனார்கள்.

ஈரத் தலையும் ஆஸ்பத்திரி அங்கியுமாக அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, மறுகோடியில் சித்ராவும் அதே கோலத்தில் இருந்தாள். அறிக்கையில் 'நோயாளியின் உடைகள் அகற்றப்பட்ட நேரம்' என்ற இடத்தில் தெய்வநாயகி இரண்டு நேரம் எழுதினாள். இடையில் முப்பத்தொரு நிமிஷம். 'இடுப்புக் கயிறு முதலில் அகற்றப்படவில்லை, கவனக்குறைவு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. "நெஞ்சு தெளிஞ்சிருச்சு. கண்ணத் தொறந்து உங்களத்தான் தேடறாரு. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துருங்க" என்றாள் நர்ஸ்.

சித்ரா எழுந்து கதவு வரை போனாள். திரும்பி வந்து, "நீயும் வா சாமி" என்றாள்.

"நான் உள்ள வரக்கூடாதுங்கக்கா. என்னையே இன்னம் கண்காணிப்புல வெச்சுருக்காங்க. நீங்க போங்க."