முருகையன் எண்ணிய வெள்ளையணுக்கள்

குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லி எங்கள் குத்தகைதாரர் மீது நான் வழக்குப் போட்டிருந்த நேரம். என் மகளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் சொன்னபடி குத்தாலத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், ஊசியோடு நின்றவன் அந்தக் குத்தகைதாரரின் மகன் முருகையன்.

"வெள்ளையணு ரொம்பக் குறைஞ்சிருக்கு சார். இப்பவே டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சீட்டை நீட்டினான்.

காய்ச்சல் வந்தால் வெள்ளையணு கூடும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். அப்பனுக்காகப் பழி தீர்க்கிறான் என்றே நம்பினேன். சீட்டைச் சட்டைப்பையில் ஒளித்துவிட்டு, மறுநாள் மகளைக் கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நேத்துதானேப்பா குத்துனாங்க?" என்று அழுதாள். அங்கே எண்ணிக்கை இன்னும் குறைவாக வந்தது.

எங்கள் டாக்டர் இரண்டு சீட்டையும் பார்த்தார். "டைபாய்டுல வெள்ளையணு குறையும் சார். இதை ஏன் நேத்தே காட்டலை?"

அன்று மாலை அவளுக்கு நினைவு தப்பியது. மூன்று வாரம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

அதன்பிறகு ஒருநாள் வழியில் என்னைப் பார்த்து முருகையன் சைக்கிளை நிறுத்தினான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா சார்? எனக்கே நம்பிக்கை வராம அன்னிக்கு ரெண்டு தடவை எண்ணினேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. அவள் நெற்றியைத் தொடும்போதெல்லாம் என் மறுகை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது.