இரும்பு ஆகாதவள்

மழையில் நனைந்த இரும்புக் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் ரத்தம் மணக்கும். நேற்றுக் காலை பால் பாக்கெட் எடுக்கப் போனவள் அந்த மணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். புளி வைத்துத் தேய்த்தேன். இருபத்தைந்து வருஷமாகப் போகாதது நேற்று மட்டும் எப்படிப் போகும்.

என் அப்பா கோடாங்கி. உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிறவர். பேய் பிடித்தவரின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் வைத்து, அதன்மேல் ஆணி அடிப்பார். பேய் மரத்தோடு நின்றுவிடும். ஆள் வீட்டுக்குப் போகலாம். பேய்க்கும் காட்டேரிக்கும் இரும்பு ஆகாது என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரியான செய்தி, யாரும் அதை விளக்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கோடாங்கி மகள். கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸாகிறவளுக்கு அது ஒரு பதவி. தனியாகப் பாத்ரூம் போகப் பயப்படுகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் முன்னால் போய்க் கதவைக் காலால் தள்ளிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போ" என்பேன். அந்த ஒண்ணுமில்லையைச் சொல்லும்போது என் குரல் அப்பாவின் குரலாக இருக்கும்.

பிளஸ் ஒன்னில் அவள் வந்து சேர்ந்தாள். வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு ஊர். பஸ்ஸில் வருவாள். மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்ததால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான் காரணம். மாநிறம்தான். ஆனால் அந்த நிறத்துக்குள்ளிருந்து யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருப்பாள். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். மேல்பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் வரும்போது பார்க்க வேண்டும், உதடு சிவந்து, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி, கெமிஸ்ட்ரி சார் மூக்கை உறிஞ்சுவதை அப்படியே செய்துகாட்டி, பெஞ்சு முழுவதையும் சிரிக்க வைப்பாள். அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சமாக வற்றுவாள். நாலாம் வாரத்தில் பையைத் தூக்கவே மூச்சு வாங்கும்.

அந்த மூன்றாம் நாளுக்காக நான் காலையில் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்க ஆரம்பித்தேன். யாருக்காக நிற்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய ரெட்டைச் சடை அவிழ்ந்துவிடும், நான்தான் பின்னிவிடுவேன். அவிழாத நாளிலும் பின்னிவிடுவேன். வகிடு எடுக்கும்போது நகம் படாமல் விரல் நுனியால் எடுப்பேன். நெல்லிக்காய் எண்ணெய் மணக்கும். முடி மெலிசு, பட்டு நூல் மாதிரி வழுக்கும். இதைப் போல ஒரு வேலையை இதற்கு முன்னும் பின்னும் நான் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

வியாழக்கிழமைகளில் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். சிவப்பு மாத்திரை. ஈரக்கையில் வைத்திருந்தால் சாயம் ஒட்டும். டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாக வந்து, "முழுங்கு, வாயத் தெற" என்பார். அவள் வாயில் போடுகிற மாதிரி போட்டுத் தண்ணீர் குடித்து, மாத்திரையை மட்டும் பெஞ்சுக்கு அடியில் என் கையில் திணித்தாள்.

"என்னடி இது?"

"நீ முழுங்கிரு. எனக்கு இரும்பு ஆகாது."

"ஆகாதுன்னா?"

"ஆகாதுன்னா ஆகாது. யார்கிட்டயும் சொல்லாத. ஒனக்குத்தான் ரத்தம் கம்மி, நகத்தப் பாரு, எப்படி வெளுத்துக் கெடக்கு."

வேறு யாருடைய மகளாக இருந்திருந்தாலும் அந்தச் சொல் காதோடு போயிருக்கும். எனக்கு முதுகுத்தண்டில் உடுக்கை அடித்தது. அவளே தன் வாயால் சொல்லிவிட்டாள். நான் கொண்டுபோகும் முருங்கைக்கீரையை அவள் தொடாததும், மாதாமாதம் எங்கோ போய்ச் சிவந்து வருவதும் அந்த ஒரு சொல்லில் போய்க் கோத்துக்கொண்டன. அன்றைக்கு நான் மாத்திரையை முழுங்கவில்லை. முழுங்கியதாகச் சொல்லிவிட்டு ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்தேன். அடுத்த வியாழனும். அதற்கு அடுத்ததும்.

பயமா என்றால் பயம் இல்லை. காட்டேரி என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோசையைப் பிய்த்துத் தின்கிறது என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "போன ஸ்கூல்லேர்ந்து பாதியில வந்துட்டேன். இங்கயாச்சும் பிளஸ் டூ முடிச்சிரணும்டி. இன்னொரு எடத்துக்குப் போக முடியாது." ஊர் ஊராக விரட்டப்படுகிற ஒன்று என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அவள் கேட்டதெல்லாம் இரண்டு வருஷம். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பின் பெஞ்சில் ஒருத்தி. அவள் அம்மா புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்தார். என் பக்கத்து இடம் லீவில் காலியாக இருந்த ஒருநாள் மதியம் அந்த இட்லிக்காரம்மா மகள்தான் ஆரம்பித்தாள்.

"எங்கம்மா பார்த்துச்சுடி. அவுக ஆத்தா ஒயர் கூடையில ரத்தப் பை வச்சு, துண்டப் போட்டு மூடிக்கிட்டுப் போனாகளாம். மீனு வாங்கிட்டுப் போற மாதிரி."

"எதுக்கு?"

"எதுக்கா? ரசம் வைக்க."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "நாளைக்கு வருவா பாரு, ஒதடெல்லாம் செவந்து. பல்லப் பார்த்திருக்கியா? ரத்தக்காட்டேரிடி" என்றாள்.

"அது பக்கத்துலயே ஒரு கோடாங்கி மக ஒக்காந்திருக்கு," என்று இட்லிக்காரம்மா மகள் என்னைப் பார்த்தாள், "சடையெல்லாம் பின்னி விட்டுக்கிட்டு. மோப்பம் பத்தாது போல."

நானும் சிரித்திருக்கலாம். எழுந்து கைகழுவப் போயிருக்கலாம். "எனக்கு எப்பவோ தெரியும்" என்றேன். ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து சிவப்பு மாத்திரைகளைக் காட்டினேன். "இரும்பு ஆகாதுன்னு அவளே எங்கிட்ட சொன்னா."

பெஞ்சைச் சுற்றி அப்படியொரு அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதுகிறபோதும் அந்தப் பிடித்தம் நாக்கின் அடியில் கிடக்கிறது, அதுதான் கூசுகிறது.

"அப்ப ஓட்டிவிடு," என்றாள் இட்லிக்காரம்மா மகள். "நீ ஓட்டலேன்னா நாங்க ஹெச்செம்கிட்ட சொல்லுவோம்."

அன்பினால்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். காட்டேரியை மரத்தில் நிறுத்திவிட்டால் அவள் மட்டும் மிச்சமிருப்பாள், லீவு போடமாட்டாள், எல்லா நாளும் மூன்றாம் நாளாகவே இருக்கும். இது பொய் இல்லை, பாதி. மற்றப் பாதி, என்னைச் சுற்றி நின்ற அந்தக் கண்கள்.

மறுநாள் அவள் சிவந்த உதட்டோடு வந்தாள். மதியம் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வகிடு எடுத்தேன். பென்சில் சீவும் பிளேடு விரலிடுக்கில் இருந்தது. உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்தேன்.

"ஆ, ஏன்டி இழுக்குற?"

"சிக்கு" என்றேன். அறுத்தேன். மீதி முடியால் அந்த இடத்தை மூடிப் பின்னிவிட்டேன். ஒரு பக்கத்து ரிப்பனையும் மாற்றுகிற மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் பஸ் ஸ்டாப்பையொட்டிப் புளியமரம். சாயங்காலம் மணியடித்ததும் அவளைப் பின்னால் விட்டு ஓடினேன். அப்பாவின் பையிலிருந்து எடுத்து வந்த ஆணி, கையில் ஒரு செங்கல் துண்டு. முடியை ரிப்பனால் சுற்றி வைத்து அடித்தேன். அப்பா அடித்தால் மூன்றே அடியில் இறங்கும். எனக்கு வளைந்தது. விரலில் பட்டது. கூட்டம் கூடிவிட்டது, ஆண்பிள்ளைகள் சைக்கிளோடு நின்றார்கள். பிடிவாதமாக அடித்தேன். இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது அவள் கேட்டருகில் நின்றிருந்தாள். பச்சை ரிப்பன். ஒரு சடையில் பச்சை, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அவள் கை தானாக உச்சிக்குப் போனது. யாரோ ஒருத்தன் "காட்டேரி எறங்கிருச்சுடா" என்றான். இன்னொருத்தன் உடுக்கைச் சத்தம் போட்டான், வாயால்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, "யாரு கூப்பிட்டா ஒன்ன?" என்றார்.

நான் அடிபட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"வெத்தல பாக்கு வச்சு அவுக வீட்டுல கூப்பிட்டாகளா? கூப்பிடாத வீட்டுக்கு நான் என்னைக்காச்சும் போயிருக்கேனா?"

"அவ காட்டேரிப்பா. இரும்பு ஆகாதுன்னு அவளே சொன்னா."

"ஆகாதுதான். அந்தப் புள்ளைக்கு ஒடம்புல ரத்தம் ஊறாது, மாசாமாசம் ஆஸ்பத்திரியில ஏத்துறாக. ஏத்துற ரத்தத்துல இரும்பு சேர்ந்துக்கிட்டே போகும், அதுக்கு மேல மாத்திரையா குடுப்பாக?" அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். "வருசா வருசம் சைக்கிள்ல பலாப்பழம் கட்டிக்கிட்டு வருவாரே ஒருத்தர், ஒக்காந்து சொளை சொளையாத் திம்பியே. அவரு மகதான். கைப்புள்ளையா இருக்கப்ப என்கிட்டதான் மொதல்ல தூக்கியாந்தாக. பேப்பரு மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. இது என் உடுக்கைக்கு உள்ள சமாச்சாரம் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான்தான் பஸ்ஸு ஏத்தி விட்டேன். வெளிய சொல்லிராதீங்க, அடுத்ததும் பொம்பளப்புள்ள, நாளைக்குப் பொண்ணு கேட்டு வரணும்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒங்க ஆத்தாகிட்டகூட நான் இதச் சொன்னதில்ல."

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பேன். பையை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததும் குறடு எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனேன். ரிப்பனும் முடியும் கையோடு வந்தன. வளைந்த ஆணி வரவில்லை. தலை மட்டும் முறிந்தது, உடம்பு உள்ளேயே இருந்துவிட்டது. உள்ளங்கையில் பனியும் துருவுமாக அந்த வாசனை அன்றைக்குத்தான் முதலில் ஏறியது.

இப்போதும் ரத்ததான முகாம் என்று எங்கே பேனர் பார்த்தாலும் உள்ளே போய்விடுவேன். போன தடவையும் விரலில் குத்திப் பார்த்த பெண், "ஒங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்குங்க, நீங்க எங்க குடுக்குறது" என்று சிரித்து ஒரு அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார். அட்டை பையிலேயே கிடக்கிறது. அவள் இன்றைக்கு எங்கே எப்படி இருக்கிறாள் என்று ஒரு போனில் விசாரித்துவிடலாம். விசாரிக்கவில்லை. இருக்கிறாள் என்று தெரிந்தால் போய் நிற்க வேண்டும். இல்லை என்று தெரிந்தாலும்.

ஆணி அடித்ததற்கு அடுத்த புதன்கிழமை அவள் அம்மாவோடு வந்து டி.சி. வாங்கினாள். நான் வகுப்பைவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஆணித்தலை முறிந்த மரத்தடியிலேயே நின்றிருந்தாள். அம்மா கொஞ்சம் தள்ளி, ஒயர் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றார். முடியை அறுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும், அந்தத் தலையில் கை வைத்தவள் நான் ஒருத்திதான். மாத்திரைகளை எல்லோருக்கும் காட்டியது மட்டும் அவள் காதுக்குப் போயிருக்கவில்லை.

"எங்கிட்டு சேரப்போற?" என்றேன்.

"கறம்பக்குடி. சித்தி வீட்டுலேர்ந்து போகணும். எடம் குடுத்தாத்தான்." பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "சடை அவுந்துருச்சு பாரு. பின்னி விடுறியா?"

என் கை எழவில்லை.

"கிட்ட வாடி. கடிச்சா திங்கப்போறேன்?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். புறங்கை வாய்க்குப் போகவில்லை.

பின்னினேன். உச்சியில் நான் அறுத்த இடம் முள்ளாக விரலில் குத்தியது. அவள் அசையாமல் நின்றாள். மன்னிச்சிரு என்ற சொல் வாய்வரை வந்து நின்றது, பின்னலை முடிந்து ரிப்பனைக் கட்டினேன், மரத்திலிருந்து பிடுங்கி நான் வைத்திருந்த அதே பச்சை ரிப்பன். பஸ் வந்துவிட்டது. "ஏத்தா வா, எடம் போயிரும்" என்று அம்மா கூப்பிட்டார். படியில் கால் வைத்தவள் திரும்பி, டீச்சருக்குக் கேட்காமல் பெஞ்சில் பேசுவோமே, அந்தக் குரலில் சொன்னாள்.

"நாளைக்கு வியாழக்கெழம. இனிமே எனக்காக ரெண்டு மாத்திரை முழுங்காத. ஒனக்கு ஒண்ணு போதும்."