ஸ்கேனில் ஒன்றும் இல்லை

தபால் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பேர். பதினெட்டு வருஷமாக நின்றபடியே கடிதம் பிரிக்கிறவள். உறையில் கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஒரே பார்வையில் தெருவைப் பிடித்து, எதிரே இருக்கும் இரும்பு அடுக்கில் சரியான அறையில் செருகிவிடுவாள். பேச்சும் அதே வேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழே விழுந்த கடிதத்தை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது அடுக்கின் விளிம்பில் தலை ணங்கென்று இடித்தது. அவ்வளவுதான். விழவில்லை, மயங்கவில்லை, சொட்டு ரத்தம்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். தலையைத் தேய்த்துக்கொண்டே சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகுதான் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. ரெண்டு நாள் ஓய்வெடுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேலையை ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவள் அகராதியிலேயே கிடையாது.

நாலாம் நாள் கூடத்தில் போய் நின்றாள். மதியத்துக்குள் தெற்குக் கோடிக்குப் போகவேண்டிய ஒரு மூட்டைக் கடிதங்களை வடக்குக் கோடிக்கு அனுப்பியிருந்தாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மேற்பார்வையாளர் திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் வேறு கூத்து. கணவர் தையல்காரர், முன்னறையிலேயே மெஷின். இத்தனை வருஷமாக அவள் காதில் விழாத அந்தச் சத்தம் இப்போது மண்டைக்குள்ளேயே ஓடியது.

"ஏங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"இப்பத்தானே உக்காந்தேன். நாளைக்கு ஆறு யூனிஃபார்ம் கொடுக்கணும்."

"தலை வெடிக்குதுங்க."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?"

அந்த ஒரு வாக்கியத்தை ஊரே அவளிடம் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் வந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணி, முகம் தெளிவாத்தான் இருக்கு. லீவுன்னா யாருக்குத்தான் கசக்கும்?" என்றாள். அந்த டாக்டர் பேருக்காவது ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம் என்று மின்னல் பல்லைக் கடித்தாள்.

கணவரையும் குறை சொல்வதற்கில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படி வளைவில் வைத்துத் தைத்தார். சமைத்தார். அவள் அடுப்பில் மறந்த பாலை ஓடிப்போய் இறக்கினார். ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் வீடு முழுக்கக் கழுவி, அலமாரியை ஒழித்து, அக்காவிடம் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறவள், மறுநாள் போர்வைக்குள் சுருண்டுகொண்டு விளக்கைப் போட்டாலே சீறுகிறாள்.

"நேத்து முடிஞ்சது இன்னைக்கு முடியலையா?" என்று கேட்டார். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நான் இப்படிப்பட்டவ இல்லையே" என்று அவள் அழுதாள்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே சனிக்கிழமைகளில் தலையில் அடிபட்டவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவார்கள். மெல்லிய குரலில் பேசும் ஒரு தெரபிஸ்ட் அம்மா மின்னலின் கதையைக் கடைசி வரை கேட்டாள்.

"முடியாத நாள்ல நீங்க தப்புப் பண்ணலை. நல்லா இருக்கிற நாள்லதான் பண்றீங்க. விட்டதையெல்லாம் ஒரே நாள்ல பிடிக்கப் பாக்குறீங்க, அப்புறம் ரெண்டு நாள் படுக்கை. அரை மணி நேரத்துல தலைவலி வருதுன்னா, இருபதாவது நிமிஷமே நிறுத்துங்க. அதுக்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். தினமும் கொஞ்சம் நடங்க."

"அப்ப ஸ்கேன்ல ஏன் தெரியலை?" என்று கணவர் கேட்டார்.

"ரத்தக் கசிவு, எலும்பு முறிவு இதெல்லாம் தெரியும். மூளை வேலை செய்யிறதுல இருக்கிற தடுமாற்றம் அந்தப் படத்துல தெரியாது. தெரியலைங்கிறதுக்காக இல்லைன்னு ஆகிடாது."

மின்னலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்னங்க குறைஞ்சு போயிருக்கும்? ஆறு வாரமா எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நினைச்சிட்டிருக்கேன்!"

"சொல்லியிருக்கணும்" என்றாள் அந்த அம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"நானா? எனக்கென்ன..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு மடை திறந்துவிட்டது. "ஒரு ஸ்பூன் கீழே விழுந்தா முறைக்கிறா. இருமக்கூட பயமா இருக்குங்க. சொந்த வீட்டுல திருடன் மாதிரி நடக்கிறேன். வர்றவங்க எல்லாரும் அவ எப்படி இருக்கான்னுதான் கேக்குறாங்க."

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றது? வாயைத் திறந்தாலே சத்தம்கிறே!"

அறையே சிரித்தது. "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

அதற்காக அடுத்த நாளே எல்லாம் சீராகிவிடவில்லை. இருபது நிமிஷத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் ஒன்று சமையலறைக்கு வந்தது. பாதி மடித்த துணியோடு எழுந்திருக்கச் சொல்லும்போதெல்லாம் அதை ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது. கணவருக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் விடுமுறை. அன்றைக்கு அக்கா வந்து வாயை மூடிக்கொண்டு துணைக்கு உட்கார்ந்திருப்பாள். நாத்தனாரிடம் கணவரே சொல்லிவிட்டார்: "பாக்க வர்றதுன்னா கால் மணி நேரம். அறிவுரை சொல்றதுன்னா வரவே வேண்டாம்."

நாலு மாதம் கழித்து தினம் இரண்டு மணி நேரம் பார்சல்களில் சீட்டு ஒட்டினாள். ஒன்பதாம் மாதம் மீண்டும் கடிதம் பிரிக்க வந்தாள், மூன்று மணி வரை மட்டும். பழைய வேகம் திரும்பவில்லை. ஒவ்வொரு உறையையும் இரண்டு முறை பார்க்கிறாள். புதிதாக வந்த பெண் இவளைவிட வேகம். அது தினமும் உறுத்துகிறது.

போன வாரம் மூன்று மணிக்கு அவள் பையை எடுத்தபோது மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"இன்னும் ஒரே ஒரு கட்டுதாம்மா. இன்னைக்கு நல்லாத்தானே இருக்கே?"

"நல்லா இருக்கேன் சார். அதனாலதான் கிளம்புறேன்."

அன்று தலைவலி கொஞ்சமும் இல்லை. அந்தக் கட்டைப் பத்தே நிமிஷத்தில் முடித்திருப்பாள். அது தெரிந்தே படியிறங்கினாள், வீடு போய்ச் சேரும்வரை அதை நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டு.