புலியா, சிறுத்தையா

வெறும் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்டிக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்திலிருந்து, முனிசிப்பல் தொழிலாளர்கள் குடியிருக்கும் மஹய்யாவ பக்கம் நடந்தேன். பன்வில தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது, நான் பாலூற்றி வளர்த்த சிறுத்தைக் குட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். வைத்திருக்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் குட்டியோடு வந்திருந்தேன்.

"என்ன மிருகம்?" என்றார் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்.

"புலிங்க ஐயா." தோட்டத்தில் சிறுத்தையை அப்படித்தான் சொல்வோம்.

"புலி இந்த நாட்டிலை இல்லை. கப்பலிலை வந்ததெண்டால் சீட்டுத் தரேலாது."

"இங்க காட்டுல புடிச்சதுங்க."

"புலியெண்டு எழுதிப்போட்டன். இனி என்ன செய்யிறது?"

குட்டியைக் கூண்டில் அடைத்துவிட்டார்கள். சிறுத்தை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? இன்றும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை முனிசிப்பலில் சேர்ந்தேன். லைசன் சீட்டு இல்லாத நாய்களைப் பிடிக்கும் வேலை.