யூ.பி.எஸ்ஸைக் கழற்றிய ஞாயிறு

பதிவுக்கு இரைச்சலாகும் என்று நான் மின்விசிறியை நிறுத்தியதும், அக்கா முந்தானையால் கழுத்தை ஒற்றிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கழுத்தில் ஒரு கட்டி. நான் கழக்கூட்டம் என்ற ஊரில் மென்பொருள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தைராய்டு அறுவைக்கு நாள் குறித்த டாக்டர், குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எங்கள் திருச்சபையில் தனிப்பாட்டு என்றால் அக்காதான். அறுவைக்கு முன் எட்டுப் பாட்டுப் பதிந்து, கல்ஃபில் இருந்த அத்தானுக்கு அனுப்ப ஆசைப்பட்டாள்.

அவர்களுக்குள் கடிதம் கிடையாது, கேசட்தான். இவள் பேசிப் பாடி அனுப்புவாள். அவர் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். இரண்டு பேரும் சிக்கனக்காரர்கள். அதனால் அவள் பாடியது ஒன்றுகூட மிஞ்சியதில்லை. இந்தத் தடவையும், “டேப்புல எடுத்தா போரும் தம்பி” என்றாள். நான் விடவில்லை. டேப்பில் இரைச்சல் விழும், என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சுத்தமாக வரும் என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்.

வரவில்லை. பாட்டின் நடுவே ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழுந்தது. மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தேன். கெர்னலை மாற்றினேன். பஃபரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். சவுண்ட் கார்டும் நெட்வொர்க் கார்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்து ஒன்றை வேறு ஸ்லாட்டில் செருகினேன். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சொன்னால் ஒரு வரி பாடுவாள். “செரியாச்சா?” என்பாள். “இன்னும் கொஞ்சம்” என்பேன், திரும்பிப் பார்க்காமல். ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போதுதான் வெட்டு விழுகிறது என்று கடைசியில் தெரிந்தது. பாட்டை முதலில் மெமரியில் வைத்துக்கொள்வது, எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கில் சேமிப்பது என்று தீர்மானித்தேன். கறண்ட் போனாலும் மெஷினைக் கொஞ்ச நேரம் அணையாமல் காக்கும் யூ.பி.எஸ்ஸின் ரீங்காரம் மைக்கில் கேட்டது. அதையும் கழற்றி வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அறுவைக்கு முந்தின நாள், ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து எட்டுப் பாட்டையும் பாடினாள். ஒரு வெட்டு இல்லை. எட்டாவது முடிந்து, சேமிக்க நான் கையை நீட்டுவதற்குள் கறண்ட் போய்விட்டது. மெஷின் அணைந்தால் மெமரியில் எதுவும் நிற்காது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. கறண்ட் வருமுன் ஆட்டோ வந்துவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குரல் போயிற்று. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. இன்று என் செல்போன்கூட அந்தக் கம்ப்யூட்டரைவிடச் சுத்தமாகப் பதிகிறது, ஆனால் பதிவதற்கு அந்தக் குரல் இல்லை. இத்தனை வருஷமும் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவன், போன மாதம் கிழக்கேகோட்டையில் அவளோடு பஸ்ஸுக்கு நின்றபோது வாய்விட்டுக் கேட்டேன். யூ.பி.எஸ்ஸை நான் கழற்றியிருக்கக் கூடாது என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். என் காதருகே வந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்:

“பாட்டு போனா போட்டும் தம்பி. மூணு வாரம் ஒன் பக்கத்துலயேதான இருந்தேன். பயமா இருக்கான்னு நீ ஒருக்கா கேக்கல்லியே.”