கோஸ்தானும் இரண்டு சார்டின் டின்னும்

1. சத்தம் இல்லாத முதல் நாள்

நேரடி ஒளிபரப்பின் முதல் நாள் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மைக் கெட்டுப்போகவில்லை. நான்தான் அதைத் திறக்கவில்லை.

மாலை நாலு மணி, வழக்கமான மழை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில் எங்கள் வீட்டு நடு அறையில் கணினியைத் திறந்து, நான் செய்துகொண்டிருந்த கேமைத் திரையில் காட்டி, ஸ்ட்ரீம் பட்டனை அழுத்திவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் எழுதுவது திரையின் ஓரத்தில் ஓடும். அதற்குச் சாட் என்று பெயர். நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே கவலை.

"சவுண்டு இல்ல அண்ணே."

"பாஸ், மைக் ஆன் பண்ணுங்க லா."

"ஹலோ, ஆள் இருக்கீங்களா?"

ஆள் இருந்தேன். மைக் பட்டனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டிலேயே கடைசி வரிசையில் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறவன் நான்.

இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில், கொந்தேனா என்கிற பெரிய சரக்குப் பெட்டிகளை ஏற்றும் ட்ரெய்லர் ஓட்டினேன். முதுகுத்தண்டில் வட்டு விலகியது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. படிப்பு, கேரி தீவுத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. அதற்கு மேல் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஸ்ட்ரீம் எதற்கு என்று கேட்பீர்கள். கேம் செய்யக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஓட்டமாக ஓடுகின்றன. நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. வேலையை நாலு பேர் பார்க்கத் திறந்துவைத்துச் செய்தால், பார்க்கிறவர்கள் தப்பைச் சொல்வார்கள் என்று எங்கோ படித்தேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கிடைத்தது. போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்தது.

நிரலில் # போட்டு ஆரம்பிக்கிற எதையும் கணினி படிக்காது. மனிதர்கள் குறிப்பு எழுதிக்கொள்ள வைத்திருக்கும் இடம் அது. அன்றைக்கு வேறு வழி தெரியாமல் அதில்தான் பதில் எழுதினேன்.

# மைக் இருக்கு. எனக்குத்தான் கூச்சம்.

சாட்டில் சிரிப்பு பொங்கியது. அன்று முதல் எனக்கு "ஊமை அண்ணே" என்று பெயர். பல மாதங்கள் அப்படியே ஓடியது. நான் # போட்டு எழுதுவேன், அவர்கள் சாட்டில் எழுதுவார்கள்.

2. ஆளுக்கு ஒரு யோசனை

நான் செய்த கேம் மிகச் சாதாரணம். துறைமுக யார்டு, அதாவது கொந்தேனாக்களை அடுக்கிவைக்கும் மைதானம். கொந்தேனா ஏற்றிய ஒரு ட்ரெய்லர். பின்னால் எடுத்துச் சரியான கட்டத்துக்குள் வாலை நுழைக்க வேண்டும். அவ்வளவுதான். பின்னால் எடுப்பதை இந்த நாட்டில் எல்லாரும் கோஸ்தான் என்போம். முன்னால் ஓட்ட யாராலும் முடியும். எங்கள் தொழிலில் ஆளை எடை போடுவது கோஸ்தானில்தான்.

நன்றி கெட்டவனாகப் பேசக் கூடாது. சாட்டில் கற்றதுதான் எனக்குத் தெரிந்த நிரல் எல்லாம். முக்கியமாகக் கவிதா. கோலாலம்பூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறவர். சண்டை வந்தால் அடக்கிவைக்கச் சாட்டுக்கு அவரைத்தான் பொறுப்பாக வைத்திருந்தேன்.

"அண்ணே, லோரி ஏன் தவளை மாதிரி குதிக்குது தெரியுமா? முழு எண் போட்டிருக்கீங்க. தசம எண் போடுங்க."

போட்டேன். லோரி வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

என்னைப் பார்த்தும் சிலர் கற்றார்கள். ஈப்போவில் ஒரு தாதி என் வரிகளைப் பார்த்து எழுதியே தன் முதல் கேமைச் செய்து முடித்தார். அதைத் திறந்து பார்த்தால் நடுவில் "# மழை வந்துட்டுது, துணி எடுக்கப் போறேன்" என்ற என் வரியும் அப்படியே இருக்கிறது.

ஆனால் யோசனைகள்! தே தாரேக் ராஜா என்று, இழுத்து ஆற்றும் தேநீரின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் தினமும் வருவார். முகம் தெரியாது, ஊர் தெரியாது.

"அண்ணே, கொந்தேனாவுக்குள்ள டைனோசர் வைங்க."

"அண்ணே, வானவில்லு போடுங்க, சப்பையா இருக்கு."

"அண்ணே, யார்டுல ஒரு பூனை."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. "சரி" என்று எழுதுவேன். பூனை வந்தது. வானவில்லும் வந்தது. டைனோசரைக் கவிதா தடுத்தார். ஒரு நாள் என் மனைவி லெட்சுமி துணி மடித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"போர்ட்டுல எங்கங்க வானவில்லு?"

"கேட்டாங்க."

"கேட்டா போட்டுருவீங்களா? மூணு வருஷமா சமையக்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு நான் கேக்குறேன். நானும் அதுல எழுதிக் கேக்கவா?"

3. ஒரு கழித்தல் குறி

என்னோடு பத்து வருடம் ட்ரெய்லர் ஓட்டிய செல்வம் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டில் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். கேமைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து விளையாடிப் பார்த்தான். 

"கோஸ்தான் அப்படியே இருக்குடா. என் ஆளுங்க வீட்டுல இதுல பழகட்டும். என் டயராவது தப்பிக்கும்."

இத்தனை வருடப் பழக்கத்தில் செல்வம் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். அவனிடம் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாருக்கும் கேமை அனுப்பினேன். நான் எதையாவது மாற்றினால் அவர்கள் கணினியிலும் அது தானாக மாறிவிடும்.

அதே வாரம் சாட் கோஸ்தானைப் பிடித்துக்கொண்டது.

நிஜ ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் வரும். இழுக்கிற தலையும் கொந்தேனா சுமக்கிற வாலும் நடுவில் மடங்குவதால் அப்படி. கேமிலும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

"பக் அண்ணே, நிரல்ல தப்பு. லெஃப்டு அழுத்துனா ரைட்டு போகுது."

"ஆமாம் லா, எனக்கும் அதே."

# லோரி அப்படித்தான், என்று எழுதினேன். யாரும் கவனிக்கவில்லை. ராஜா ஓட்டெடுப்பு வைத்தார். எல்லாரும் ஒரே பக்கம். கடைசியில் கவிதாவும் எழுதினார்: "அண்ணே, விளையாடுறவங்களுக்குக் குழப்பமா இருந்தா அது நம்ம தப்புதான். மாத்திடுங்க."

தசம எண் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள். படித்தவர்கள். இத்தனை பேர் சொல்லும்போது ஆறாம் வகுப்பு என்ன எதிர்த்துப் பேசுவது? ஸ்டீயரிங் வரியில் ஒரு கழித்தல் குறி போட்டேன். வால் அழுத்திய பக்கமே போனது. சாட்டில் இதயப் படங்களாகக் கொட்டின. "சரி" என்று எழுதிவிட்டு எழுந்து போனேன்.

4. நசுங்கிய ட்ரம்

இரண்டு வாரம் கழித்து வாசலில் வேலையில் இருக்கும்போது செல்வத்தின் ஃபோன் வந்தது.

"டேய், என்னடா செஞ்சு வெச்சிருக்க?"

"என்ன ஆச்சு?"

"என் காலு இருக்க வேண்டிய எடத்துல ஒரு ட்ரம்மு நசுங்கிக் கெடக்கு. அது ஆச்சு."

அவனிடம் பயிற்சி எடுத்தவர்களில் சாந்தி என்று ஒருவர். இரண்டு பிள்ளைகளின் தாய், வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். ட்ரெய்லர் உரிமம் வாங்கிவிட வேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகமாக என் கேமில் பழகியிருக்கிறார். அன்றைக்கு நிஜ வண்டியில் முதல் கோஸ்தான். செல்வம் பின்னால் இடப்பக்கம் நின்று கை காட்டியிருக்கிறான். வால் வலப்பக்கம் போக வேண்டும். சாந்தி, கேமில் செய்ததைப் போலவே, வலப்பக்கம் திருப்பினார். வால் நேராகச் செல்வத்திடம் வந்தது. அவன் தாவினான். ட்ரம்மால் தாவ முடியவில்லை.

சாந்தி ஃபோனை வாங்கிப் பேசினார். அழுது முடித்த குரல்.

"அண்ணே, நான் ஒழுங்காத்தானே படிச்சேன்? கேம்ல ஒரு தடவகூட இடிச்சதில்ல. மாஸ்டரு என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

 ஒழுங்காகப் படித்ததுதான் அவர் செய்த தப்பு. சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

செல்வம் திரும்ப ஃபோனுக்கு வந்தான். "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். கேமைச் சரி பண்ணி இந்தம்மா கையையும் சரி பண்ணு. இல்ல, உன் கேமும் வேணாம், இந்தம்மாவும் வேணாம்."

ஃபோனை வைத்த பிறகு இரண்டு காருக்குத் தடுப்பைத் தூக்க மறந்துவிட்டேன். ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நின்றேன். அத்தனை எரிச்சல். சாட் மேல் பாதி, என் மேல் மீதி.

5. பூண்டுப் பல்

கழித்தல் குறியை எடுக்க ஒரு நொடி போதும். ஆனால் சத்தமில்லாமல் எடுத்தால் மறுநாளே "பக் அண்ணே" என்பார்கள், நானும் "சரி" என்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நாலு மணிக்கு மைக்கைத் திறந்தேன்.

"வணக்கம். கேக்குதா?"

சாட் அலறியது. "ஊமை அண்ணே பேசுறாரு!" "குரலு நல்லாருக்கே பாஸ்!" "சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். கொஞ்சம் எழுதாம பாருங்க எல்லாரும்."

கேமராவை மேசைப் பக்கம் திருப்பினேன். சமையலறையிலிருந்து இரண்டு சார்டின் டின்களைக் கொண்டுவந்து, நடுவில் மடங்குகிற மாதிரி ஒட்டுநாடாவால் இணைத்தேன்.

"அதத் திறக்காதீங்க, ராத்திரிக்கு அதான் கொழம்பு," என்று லெட்சுமி உள்ளேயிருந்து சொன்னது நாடு முழுக்கக் கேட்டது.

"இது தலை. இது வால்," என்றேன். வாலுக்கு இடப்பக்கம் ஒரு பூண்டுப் பல்லை நிறுத்தினேன். "இது என் கூட்டாளி செல்வம்." ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பின்னால் எடுத்தால் போவது போல, தலையின் பின்பக்கத்தை வலப்பக்கமாக ஒதுக்கித் தள்ளினேன். வால் இடப்பக்கம் திரும்பிப் பூண்டைத் தள்ளிக்கொண்டு போனது. சாந்திக்கு நடந்ததைச் சொன்னேன். 

 யாரோ ஒருவர் "ஓ" என்று மட்டும் எழுதினார். பிறகு ராஜா: "பூண்டு அவுட்டு." பிறகு: "சாரி அண்ணே."

கவிதா கொஞ்சம் தாமதமாக எழுதினார்.

"அண்ணே, இப்பத்தான் அந்த வரியத் தேடிப் பார்த்தேன். கழித்தல் குறிக்குப் பக்கத்துலயே '# இது தப்பு, நிஜ லோரி இப்படிப் போகாது'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"ஆமா. அன்னிக்கே எழுதிட்டேன். எல்லாரும் பாக்குற எடத்துலதானே எழுதினேன்?"

"எழுதினீங்க. சொல்லல. எங்ககிட்ட 'சரி'ன்னுதானே சொன்னீங்க?"

கோபம் வந்தது. ஒரு ஆளாவது, அண்ணே நீங்க லோரி ஓட்டினவராச்சே, உங்களுக்கு எப்படித் தோணுது என்று கேட்டீர்களா என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை. அவர் சொன்னது உண்மை. கணினிகூடப் படிக்காத இடத்தில் என் மறுப்பை எழுதிவிட்டு, மனிதர்கள் படிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

ராஜா விடவில்லை. "அப்ப புதுசா வர்றவன் தோத்துக்கிட்டே இருப்பானே அண்ணே?"

"தோக்கட்டும்யா! நான் ஆறு மாசம் தோத்தேன். நான் நசுக்குன ட்ரம்மைப் பார்த்து முதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு. இங்க நசுக்குனா யார் காலும் போகாது."

அதற்குக் கவிதா ஒரு வழி சொன்னார். ஸ்டீயரிங்கை மாற்ற வேண்டாம். வால் எங்கே போகப் போகிறது என்று தரையில் மஞ்சள் கோடு காட்டலாம், கை பழகப் பழகக் கோடு மறைந்துவிடட்டும். கணக்கை அவர் சொன்னார். வால் எவ்வளவு மடங்கும் என்பதை நான் சொன்னேன். ராஜா விளையாடி விளையாடி இடித்துக் காட்டினார். ஆறு மணிக்குள் முடித்தோம். கழித்தல் குறியை எடுத்துவிட்டேன்.

6. செல்வத்தின் யார்டு

மறுநாள் மாலை யார்டு அறையில் சாந்தி மடிக்கணினியில் உட்கார்ந்தார். கையில் பழைய பழக்கம் போகவில்லை. முதல் ஒன்பது தடவையும் தப்பான பக்கமே திருப்பினார். செல்வம் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது தடவை வாயால் "எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். கட்டத்துக்குள் போனது. கோடு மறையும் வரை விடாமல் ஓட்டினார்.

பிறகு நிஜ வண்டி. செல்வம் இந்த முறை ஒரு கொந்தேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கை காட்டினான். ட்ரெய்லர் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. நாலாவது முயற்சியில் வால் மெதுவாக உள்ளே போனது. சாந்தி இறங்கவில்லை, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரும்மா," என்றான் செல்வம். என்னைப் பார்த்து, "அந்தப் பூனைய எடுத்துடுடா. குறுக்க ஏதாச்சும் வரும்னு இந்தம்மா சும்மா சும்மா பிரேக் அடிக்குது."

இப்படி ஸ்ட்ரீமில் கேம் செய்யப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சாட்டில் கற்றுக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் தெரியவும் போவதில்லை. மனதுக்கு ஒப்பாத ஒன்றைச் செய்துவிட்டு, ஓரத்தில் # போட்டு எழுதிவைத்தேன் என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். அதைப் படிக்காதவர் வண்டிக்குப் பின்னால் நிற்கலாம்.

பூனையை எடுத்ததற்கு ராஜா இன்னும் என்னோடு சண்டை போடுகிறார். வாரம் தவறாமல் யாராவது ஒரு புதியவர் வந்து "பக் அண்ணே, லெஃப்டு அழுத்துனா ரைட்டு போகுது" என்கிறார். நேற்றும் ஒருவர். பெருமூச்சு விட்டுக்கொண்டு மைக்கைத் திறந்தேன். டின்கள் மேசை மேலேயேதான் இருக்கின்றன. பின் டின்னை லெட்சுமி சமைத்துவிட்டதால் வால் இப்போது காலி, அதனால் கொஞ்சம் அதிகம் ஆடுகிறது. காலி ட்ரெய்லரும் அப்படித்தான் ஆடும். அதையும் சேர்த்துச் சொன்னேன்.